வாசலில் காத்திருக்கும் கடன்



ஒரு குடும்பத்தை உங்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். குடும்பம் கற்பனைதான், ஆனால் அதற்கு நேர்வது இன்று பல குடும்பங்களுக்கு நேர்ந்துகொண்டிருப்பது.

திருச்சி மாவட்டத்தின் தென்பகுதியில், மணப்பாறை - துவரங்குறிச்சி வட்டாரத்தில் இருக்கிறது மருங்காபுரி. முன்னாளில் ஜமீன் ஊர். வானம் பார்த்த பூமி. அங்கே ஒரு வீடு. வீட்டுத் தலைவர் மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்கி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். மூத்த மகன் திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் பட்டம் பெற்றான். மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்று, ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். கடைசிப் பருவத்தில் கைப்பணம் தீர்ந்தது. கட்டணத்தில் 1,800 டாலர் பாக்கி நின்றது. 'வேலை கிடைத்ததும் கட்டிவிடலாம்' என்று எண்ணினான். வேலை கிடைத்தது. ஊர் மாறினான். பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதங்கள் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தன. ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்த ஆண்டு, அவன் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்கப்பட்ட மாநில வருமான வரி 900 டாலர் திரும்பி வரவேண்டியிருந்தது. அதைத் தங்கையின் நிக்காஹ் செலவுக்கு அனுப்புவதாக ஊருக்குச் சொல்லியும் இருந்தான். பணம் வரவில்லை. பணத்துக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. 'உங்களுக்குச் சேரவேண்டிய தொகை, நீங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தரவேண்டிய பழைய பாக்கியில் ஈடுசெய்யப்பட்டுவிட்டது. மீதிக் கடன் இன்னும் நிலுவையில் உள்ளது' என்றது அது.

"அத்தா, நான் சொன்ன பணம் இப்போது வராது" என்று தொலைபேசியில் சொல்கிறான் மகன்.

"ஏன் தம்பி, வேலை போய்விட்டதா?" என்று பதறுகிறார் தந்தை.

"வேலை இருக்கிறது அத்தா. படித்தபோது வைத்த பாக்கி ஒன்று இப்போது வந்து நிற்கிறது."

தந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வைத்த பாக்கிக்கும் அரசாங்கம் திருப்பித் தரும் வரிப்பணத்துக்கும் என்ன தொடர்பு? வாசகர்களே, அந்தத் தொடர்பைத்தான் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. பிள்ளைகளைக் கடன் வாங்கிப் படிக்க வைக்கும் ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

வழிமறிக்கும் கை

சம்பளக்காரரின் ஊதியத்தில் மாதந்தோறும் வரி பிடிக்கப்படுகிறது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது, கட்டவேண்டியதைவிட அதிகம் பிடித்திருந்தால் அரசு அதைத் திருப்பித் தருகிறது. நம் நாட்டிலும் இதுவே முறை. அமெரிக்காவில், இந்தப் பணம் அரசின் கருவூலத்திலிருந்து புறப்படும்போதே, பெறுபவரின் பெயரும் அடையாள எண்ணும் கடனாளிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன. பெயர் பட்டியலில் இருந்தால், பணம் அவர் கைக்கு வராமல் கடன் கொடுத்தவரிடம் போய்ச் சேருகிறது.

1984இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், மத்திய அரசுக்குச் சேரவேண்டிய கடன்களுக்காக வரித் திருப்பத்தைப் பிடித்துக்கொள்ள வழிவகுத்தது. 1996இல் வந்த கடன் வசூல் மேம்பாட்டுச் சட்டம் இதை விரிவாக்கியது. வரித் திருப்பம் மட்டுமின்றி, முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் அரசு தரும் சமூகப் பாதுகாப்பு உதவித் தொகையிலும் ஒரு பகுதியைப் பிடிக்கலாம் என்றாயிற்று. மத்திய அரசின் கல்விக் கடனைத் தொடர்ந்து 270 நாட்கள் கட்டத் தவறினால் அது தவறிய கடனாகிறது. அதன்பின் நீதிமன்றப் படி ஏறாமலேயே, சம்பளத்தில் 15 விழுக்காடு வரை பிடிக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு.

இது மத்திய அரசின் கடனுக்கு. பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகச் சேரவேண்டிய கட்டணம், விடுதிப் பாக்கி போன்றவற்றுக்கு வேறு வழி இருக்கிறது. வட கரோலினா, வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் இதற்கெனவே ஈடுசெய்யும் சட்டங்கள் வைத்திருக்கின்றன. ஒஹையோ மாநிலத்தில், அரசுக் கல்லூரிகள் தமக்கு வரவேண்டிய பழைய பாக்கிகளை மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்திடம் ஒப்படைத்துவிடுகின்றன. வசூல் செய்வது அவர் பொறுப்பு. இத்தகைய மாநிலங்களில் மறிக்கப்படுவது மாநில வரித் திருப்பம். நம் மருங்காபுரி மகனுக்கு நேர்ந்தது இதுவே.

முன்னறிவிப்பின்றிப் பிடிக்கிறார்களா என்றால், இல்லை. அறிவிப்பு அனுப்ப வேண்டும். மறுத்துரைக்க அவகாசம் தரவேண்டும். ஆனால் அறிவிப்பு போவது ஏட்டில் உள்ள முகவரிக்கு. முகவரி மாறியதைத் தெரிவிக்காதவனுக்கு அந்த அறிவிப்பு வந்தும் வராதது போலத்தான்.

முதுமையிலும் விடாத கடன்

'பழைய கடன்தானே, பத்து இருபது ஆண்டுகள் போனால் மறந்துவிடுவார்கள்' என்று எண்ணுவோர் உண்டு. 1991இல் அமெரிக்கா, மத்திய அரசின் கல்விக் கடன்களுக்கு இருந்த காலவரம்பையே நீக்கிவிட்டது. அதாவது, கடன் வாங்கியவர் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கடனுக்கு வயதாவதே இல்லை.

இதன் பொருளை ஒரு வழக்கு உணர்த்துகிறது. சியாட்டில் நகரைச் சேர்ந்த லாக்ஹார்ட் என்பவர் 1984க்கும் 1989க்கும் இடையில் கல்விக் கடன் வாங்கியவர். அதைத் திருப்பிக் கட்டவில்லை. 2002இல் அவருக்கு வந்துகொண்டிருந்த சமூகப் பாதுகாப்புத் தொகையில் அரசு பிடிக்கத் தொடங்கியது. பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட பழைய கடனுக்கு இவ்வாறு பிடிக்கலாகாது என்று அவர் வழக்காடினார். 2005 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இளமையில் வாங்காமல் நடுவயதில் படிக்க வாங்கிய கடன். அது முதுமையின் உணவுத் தட்டில் வந்து கை வைத்தது.

இந்த வசூல் முறை இரக்கம் பார்ப்பதில்லை என்பதே அங்குள்ளோரின் முதன்மையான குறை. குறைந்த வருவாயில் பிள்ளைகளோடு வாழும் உழைப்பாளிகளுக்கு, 1975 முதல் அங்கே வரிச்சலுகையாக ஒரு தொகை தரப்படுகிறது. அதுவும் வரித் திருப்பத்தோடு சேர்ந்தே வருகிறது. மறிக்கும்போது அதுவும் சேர்ந்தே போய்விடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தப் பணத்தில்தான் ஏழைக் குடும்பங்கள் வாடகைப் பாக்கியைத் தீர்க்கின்றன. பிள்ளைக்குப் பல் வைத்தியம் பார்க்கின்றன. கணினி இதையெல்லாம் கேட்பதில்லை.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கணக்காக வரி விவரம் தாக்கல் செய்வது அங்கு வழக்கம். அப்போது கணவனின் பழைய கடனுக்காக மனைவியின் பங்கும் சேர்ந்தே பிடிக்கப்பட்டுவிடும். 8379 என்னும் எண்ணுள்ள படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் மனைவி தன் பங்கைத் திரும்பப் பெறலாம். அமெரிக்காவில் மகளை மணமுடித்துக் கொடுத்திருக்கும் பெற்றோர் இந்த ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

கொரோனா தொற்றின்போது, 2020 மார்ச்சில் இந்தக் கட்டாய வசூல் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே 5ஆம் நாள் முதல் மீண்டும் தொடங்குவதாக அந்நாட்டுக் கல்வித்துறை அறிவித்தபோது, ஐந்தாண்டு அமைதியில் கடனையே மறந்திருந்த பலர் திடுக்கிட்டனர். நிறுத்தி வைத்தல் வேறு, நீக்கிவிடுதல் வேறு என்பதை அன்றுதான் அவர்கள் உணர்ந்தனர்.

வேறு நாடுகளின் வழிகள்

எல்லா நாடுகளும் இப்படித்தான் வசூலிக்கின்றனவா? இல்லை. ஆஸ்திரேலியாவில் 1989 முதல் உயர்கல்விக் கட்டணக் கடன் வரித்துறை வழியாகவே வசூலாகிறது. ஆனால் அங்கே வரித்துறை முதலில் பார்ப்பது வருமானத்தை. குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. வருமானம் உயர உயர, பிடிக்கும் விழுக்காடும் உயரும். 2025இல் அந்நாடு மாணவர் கடன்கள் அனைத்திலும் 20 விழுக்காட்டைக் குறைத்துச் சட்டம் இயற்றியது.

நம் சமுதாயத்தார் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு வைத்திருக்கும் மலேசியாவைப் பாருங்கள். அங்கே 1997இல் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் தோன்றியது. கடனைக் கட்டாதவர்கள் நாட்டைவிட்டு வெளியே போகமுடியாதபடி குடிநுழைவுத் துறையின் பட்டியலில் பெயர் ஏற்றப்பட்டது. விமான நிலையம் வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. 2018இல் ஆட்சி மாறியபோது அந்தத் தடை நீக்கப்பட்டது. 3 விழுக்காடாக இருந்த கட்டணத்தை, 'உஜ்ரா' என்னும் 1 விழுக்காட்டுச் சேவைக் கட்டணமாக மாற்றிக்கொள்ளவும் அந்தக் கழகம் வழி செய்தது.

வரித் திருப்பம், சம்பளம், விமான நிலையம் என்று இடம்தான் மாறுகிறது. கடன்பட்டவன் கட்டாயம் கடந்தே ஆகவேண்டிய ஒரு வாசலைப் பார்த்து அங்கே காத்திருப்பதே எல்லா வசூல் முறைகளின் சூட்சுமமும்.

நம் நாட்டில் எப்படி?

மாணவர்க்குக் கடன் கொடுப்பது நம் நாட்டில் புதிதன்று. 1963இல் மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. ஏழை மாணவருக்கு வட்டியில்லாக் கடன். படித்து முடித்து ஆசிரியர் பணிக்கு வருபவருக்கு, பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி என்ற நல்ல ஏற்பாடும் அதில் இருந்தது. ஆயினும் கொடுத்த கடனில் திரும்பி வந்தது மிகக் குறைவு. முகவரி மாறினவர்களைத் தேடிப் பிடிக்க அன்று வழியில்லை. கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது. வாங்கியவர்கள் கட்டாததால், பின்னால் வந்த ஏழைப் பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன் என்ற வாசல் அடைபட்டது. இது நாம் சிந்திக்க வேண்டிய இடம்.

இன்று வழங்கப்படும் வங்கிக் கல்விக் கடன், இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த மாதிரித் திட்டத்திலிருந்து வளர்ந்தது. 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு வேண்டியதில்லை. பெற்றோர் சேர்ந்து கையொப்பமிட்டால் போதும். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இந்தத் திட்டத்தை மிகுதியாகப் பயன்படுத்திக்கொண்டன. பொறியியல் கல்லூரிகள் பெருகிய ஆண்டுகளில் கடனும் பெருகியது. படித்த அனைவருக்கும் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. வாராக் கடன்கள் குவிந்தன. தேர்தல் காலத் தள்ளுபடி வாக்குறுதிகளை நம்பி, கட்டக்கூடியவர்களும் கட்டாமல் காத்திருந்தனர். வங்கிகள் சில, அந்தக் கடன்களைத் தனியார் வசூல் நிறுவனங்களுக்கு விற்றன. 2016இல் மதுரையில், வசூல் நெருக்கடிக்கு ஆளான ஓர் இளம் பொறியாளர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டில் கேரள அரசு, வாராக் கல்விக் கடன்களில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக் குடும்பங்களை மீட்க 900 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது.

சரி, அமெரிக்காவைப் போல இங்கே வங்கி நம் வரித் திருப்பத்தை வழிமறிக்க முடியுமா? முடியாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 245ஆம் பிரிவு, ஒருவருக்குத் திருப்பித் தரவேண்டிய பணத்தை அவர் செலுத்தவேண்டிய பழைய வரிப் பாக்கியில் நேர்செய்ய மட்டுமே இடமளித்தது. அதையும் எழுத்து மூலம் தெரிவித்த பிறகே செய்யவேண்டும் என்றது. வங்கிக் கடனுக்காகவோ கல்லூரிக் கட்டணத்துக்காகவோ பிடிக்க அதில் இடமில்லை.

நம் கல்லூரிகள் வரிப்பணத்தை மறிப்பதில்லை. சான்றிதழை மறித்து வந்தன. கட்டணப் பாக்கிக்காக மாணவரின் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. உங்கள் பிள்ளையின் சான்றிதழ் எங்காவது முடங்கிக் கிடந்தால், இந்த அறிவிப்பைச் சுட்டிக்காட்டி எழுத்து மூலம் கேளுங்கள்.

வாசலில் நிற்கும் வங்கி

வழியில் மறிக்க முடியாத வங்கி, வாசலில் மறிக்கலாம். எப்படியென்று பாருங்கள். வரித் திருப்பம் நம் வங்கிக் கணக்கில்தான் வந்து விழும். அந்தக் கணக்கு, கடன் கொடுத்த அதே வங்கியில் இருந்தால்? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு, தன்னிடம் உள்ள வாடிக்கையாளரின் உடைமையைக் கணக்கு மொத்தப் பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் உரிமையை வங்கிக்குத் தருகிறது. கணக்கில் உள்ள பணத்தைக் கடனில் நேர்செய்துகொள்வதும் வங்கிகளின் நெடுநாளைய வழக்கம். மகனின் கடனில் தந்தையும் சேர்ந்து கையொப்பமிட்டிருந்தால், தந்தையின் கணக்குக்கும் அதே கதி நேரலாம்.

2023 செப்டம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வழங்கத் தொடங்கியது. பணம் வந்த சில நாட்களிலேயே, சில வங்கிகள் அதைத் தம் கட்டணங்களில் நேர்செய்துவிட்டதாகப் பெண்கள் புலம்பினர். அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, உரிமைத் தொகையை வங்கிகள் நேர்செய்யக் கூடாது என்று கண்டித்து அறிக்கை விட்டார். அமெரிக்கக் கருவூலத்தில் நடப்பதும் நம் ஊர் வங்கிக் கிளையில் நடந்ததும் தன்மையில் ஒன்றே. குடும்பத்துக்கென்று அரசு தந்த பணம், குடும்பத்தின் கையைத் தொடுமுன்பே பழைய கணக்கு ஒன்றில் மறைந்துபோனது.

கடன் வளரும் கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன். வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு ஆண்டுகளுக்கும் அடுத்த ஓராண்டுக்கும் தனிவட்டி. முதல் லட்சத்துக்கு 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக, கட்டத் தொடங்கும் நாளில் கடன் 5 லட்சத்து 40 ஆயிரம். அதைப் பதினைந்து ஆண்டுத் தவணையாகக் கட்டினால் மாதம் ஏறத்தாழ 5,800 ரூபாய்.

அந்த 5,800ஐக் கட்டாமல், யாரிடமும் பேசாமல், பத்தாண்டுகள் இருந்துவிட்டால்? வட்டிக்கு வட்டி ஏறிக் கடன் 14 லட்சத்தைத் தொட்டிருக்கும். வாங்கியது நான்கு, வளர்ந்தது பதினான்கு.

இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. 2009இல் மத்திய அரசு கொண்டுவந்த வட்டி மானியத் திட்டத்தின்படி, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், இந்தியாவில் தொழிற்கல்வி பயில்வோரின் கடனுக்குப் படிப்புக் காலத்து வட்டியை அரசே ஏற்கும். வருமானச் சான்றிதழை உரிய காலத்தில் வங்கியில் கொடுக்கவேண்டும். ஒரு சான்றிதழைக் கொடுக்கத் தவறும் குடும்பம், மேலே சொன்ன கணக்கில் 1 லட்சத்து 40 ஆயிரத்தை வீணே தன் தலைமேல் ஏற்றிக்கொள்கிறது.

காலாவதி என்னும் மயக்கம்

'மூன்றாண்டுகள் கடந்துவிட்டால் கடன் காலாவதியாகிவிடும்' என்று திண்ணைப் பேச்சில் சொல்வார்கள். இது பாதி உண்மை. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, கடனுக்காக வழக்குத் தொடர மூன்றாண்டு வரம்பு உண்டு. ஆனால் இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு ஒரு தாளில் கையொப்பமிட்டாலும் அந்த மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். வங்கி ஆண்டுதோறும் நீட்டும் பாக்கி உறுதிக் கடிதத்தின் நோக்கம் இதுவே.

அத்துடன், காலவரம்பு தடுப்பது வழக்கை மட்டுமே. கடன் அப்படியே நிற்கிறது. 1992இல் பஞ்சாப் நேஷனல் வங்கி தொடர்பான ஒரு வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. ஒருவர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் வங்கியில் ஈடாக வைத்திருந்த வைப்புத் தொகையை, காலவரம்பு கடந்தபின் வங்கி நேர்செய்துகொண்டது சரியே என்பது தீர்ப்பு. அமெரிக்காவில் லாக்ஹார்ட் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையை நம் நாட்டு நீதிமன்றம் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே தன் வழியில் தந்துவிட்டது.

சட்டம் இப்படிச் சொல்கிறது என்றால், நம் மார்க்கம் இன்னும் ஆழமாகச் சொல்கிறது. கடன் விட்டுச் சென்ற ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுவிக்க முன்வராமல் நின்றதையும், அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்ற பின்பே தொழுவித்ததையும் நாம் அறிவோம். வாரிசுகள் சொத்தைப் பங்கிடுமுன் மரணித்தவரின் கடனைத் தீர்க்கவேண்டும் என்பது இறைமறையின் கட்டளை. மௌனத்தால் கடன் மாய்வதில்லை என்பதில் சட்டமும் மார்க்கமும் ஒரே குரலில் பேசுகின்றன.

ஆனால் அதே இறைமறை, கடன் கொடுத்தவருக்கும் ஒரு கடமையை விதிக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம், கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரும்படியும், விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்றும் போதிக்கிறது. கடனில் மூழ்கியவர்களை ஜகாத் பெறத் தகுதியுள்ளோர் வரிசையில் சேர்த்ததும் நம் மார்க்கமே. கட்டமுடியாதவனையும் கட்டமறுப்பவனையும் ஒரே தராசில் நிறுத்தும் கணினிக்கு இந்த வேறுபாடு தெரியாது. மனிதர்களுக்குத் தெரிய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கடன் வாங்குமுன் குடும்பமே கூடி அமர்ந்து பேசுங்கள். வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள் முதலில் ஜமாஅத்தின் பைத்துல்மால், உறவினர், கல்வி உதவித்தொகை ஆகிய வாசல்களைத் தட்டிப் பாருங்கள். 1999இல் தோன்றிய தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாம்கோவிடமும் கேட்டறியுங்கள். வெளிநாட்டில் படிக்கும் சிறுபான்மை மாணவருக்கு வட்டி மானியம் தந்த மத்திய அரசின் 'படோ பர்தேஷ்' திட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை எண்ணிக் கணக்குப் போட வேண்டாம்.

2. கல்லூரியை விட்டு வரும் நாளில், ஒரு ரூபாய் ஆனாலும் ஒரு டாலர் ஆனாலும் பாக்கி இல்லை என்ற சான்றைக் கையில் வாங்குங்கள். நூலகம், விடுதி எதையும் விடாதீர்கள்.

3. முகவரியும் தொலைபேசி எண்ணும் மாறினால் உடனே தெரிவியுங்கள். கடனாளி ஒளிந்தால் கடன் வளரும். கடனாளி பேசினால் தவணை பிறக்கும்.

4. வேலை இல்லையா, நோயா? வங்கி மேலாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்துத் தவணையைக் குறைக்கவோ காலத்தை நீட்டவோ கேளுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். அமெரிக்காவில் தவறிய மத்திய அரசுக் கடனைச் சீராக்க, பத்து மாதங்களுக்குள் ஒன்பது தவணை கட்டும் வழி உண்டு. அந்தத் தவணையும் வருமானத்தைப் பார்த்தே நிர்ணயிக்கப்படும்.

5. பழைய கடன் பெரிதாகிவிட்டதா? ஒரே தொகையாகக் கட்டித் தீர்க்கும் ஏற்பாடு குறித்து வங்கியிடம் பேசுங்கள். திருச்சி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில், கட்டணமின்றி இரு தரப்பும் இணங்கித் தீர்த்துக்கொள்ளலாம். தீர்த்தபின் கடன் முடிந்த சான்றைப் பெறாமல் வீடு திரும்பாதீர்கள்.

6. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்பது 2022இல் ரிசர்வ் வங்கி வலியுறுத்திய விதி. அடியாட்களை வைத்து மிரட்டி வசூலிப்பதை 2007இல் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. மிரட்டல் வந்தால் நாள், நேரம், பேச்சைக் குறித்து வைத்து, வங்கியிடமும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடுங்கள். மானத்துக்கு அஞ்சி உயிரை விடும் அளவுக்கு எந்தக் கடனும் பெரியதன்று. பிள்ளை சோர்ந்திருக்கக் கண்டால் அருகில் அமர்ந்து கேளுங்கள்.

7. எந்தத் தாளிலும் படித்துப் பாராமல் கையொப்பமிடாதீர்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனமே இறைமறையின் மிக நீண்ட வசனம் என்பதை நினைவில் வையுங்கள். வீட்டில் ஒரு கோப்பு இருக்கட்டும். கடன் பத்திரம், கட்டிய ரசீது, எழுதிய கடிதம் எல்லாம் அதில் சேரட்டும்.

மீண்டும் மருங்காபுரிக்கு

நாம் தொடக்கத்தில் கண்ட குடும்பத்துக்கு என்ன ஆயிற்று? அந்தத் தந்தை நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு மகனிடம் சொன்னார்: "தம்பி, சந்தையில் நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தபிறகு விலைப் பாக்கியைத் தராமல் இருந்ததில்லை. அடுத்த வாரச் சந்தைக்குள் கொடுத்துவிடுவேன். முடியாத வாரம், போய் முகத்தைக் காட்டி, முடியவில்லை என்று சொல்லிவிட்டு வருவேன். நீ முகத்தைக் காட்டவில்லை. அதுதான் பிழை. நாளைக்கே அவர்களிடம் பேசு. தங்கையின் நிக்காஹை எளிமையாக நடத்திக்கொள்வோம்."

மறுநாள் மகன் பேசினான். மீதிப் பாக்கியை மாதத் தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். நிக்காஹ் பள்ளிவாசலில் எளிமையாக நடந்தது.

குடும்பம் கற்பனை என்றேன். அந்தத் தந்தையின் சொல்லில் கற்பனை இல்லை. முகத்தைக் காட்டிப் பேசும் கடனாளிக்குத் தவணை கிடைக்கும். கேட்டால் மன்னிப்பும் கிடைக்கலாம். முகத்தை மறைப்பவனை மட்டுமே கடன் அவன் வாசலில் வந்து மறிக்கிறது. இன்று இரவு உணவுக்குப் பின் உங்கள் பிள்ளையிடம் மெல்லக் கேளுங்கள்: "படித்த இடத்தில் ஏதேனும் பாக்கி இருக்கிறதா?" அவன் தயங்கினால் கோபிக்காதீர்கள். சேர்ந்து தீர்க்கும் வழியைத் தேடுங்கள்.

கடன் சுமையிலிருந்து நம் வீடுகளை வல்ல இறைவன் காப்பானாக!